மேஜைக்கு அடியில் இருந்தவர்

முந்தாநாள் மதியம் மூன்று மணிக்கு அக்கா போன் செய்தாள். "மாமா போயிட்டார்டா. மெஷின் மேலயே சாஞ்சுட்டார்."

மாமா, அவள் கணவர், கடைத்தெரு மூலையில் தையல் கடை வைத்திருந்தார். ஊரே அரசை எதிர்த்துக் கிளம்பிய வருடம், துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினார். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் ஒரு மாணவன் பதுங்கியிருந்தான். அவன் இருமல் வெளியே கேட்காமலிருக்க வாயில் துண்டுத்துணியை அடைத்தவரும் மாமாதான். அந்த மாணவன் பின்னாளில் பேராசிரியரானார். அவருடைய உடைகளை மாமாதான் தைத்துவந்தார்.

போன வருடம் பேராசிரியர் அந்த எழுச்சியின் வரலாற்றை எழுதினார். 'உயிர் தப்ப ஓடியவர்களின் முகத்துக்கு நேரே மூலைத் தையல்காரர் ஷட்டரை மூடினார்' என்று அதில் ஒரு வரி. ஆதாரம், போலீஸ் அறிக்கை. அடுத்த பத்தியில் பேராசிரியர் கடைசிவரை தெருவிலேயே நிற்கிறார்.

"என்ன மாஸ்டர், ஷட்டரைப் போட்டுட்டீங்களாமே! என் பேன்ட்டாவது வெளிய வருமா?" என்று கேட்டவர்களிடம் மாமா சிரித்துச் சமாளித்தார். ஆனால் அன்று அந்தத் தெருவில் மகனைப் பறிகொடுத்த பழக்கடை அம்மா, கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். அதை அவரால் தாங்க முடியவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பேராசிரியர் வீட்டுக்குப் போனார்.

"சார், மேஜைக்கு அடியில இருந்தது நீங்கதானே?"

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "ரொம்ப நாளாச்சு மாஸ்டர். எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்ல. ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அந்தப் பழக்கடை அம்மாகிட்ட மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லுங்க, சார்."

"பாக்கலாம்."

திரும்பும் வழியில் மாமா சொன்னார்: "திட்டலாம்னா வாய் வரல, மாப்ளே. இத்தனை வருஷம் அளவெடுத்த உடம்பு."

அடுத்த பதிப்பு போன மாதம் வந்தது. அட்டை மட்டும் புதிது. அந்த வரி அப்படியே இருந்தது. புத்தகத்துக்கு விருதும் அறிவித்தார்கள். விழாவுக்குக் கோட்டு வேண்டுமென்று பேராசிரியர் டிரைவரிடம் துணி கொடுத்தனுப்பினார். அக்கா எரிந்து விழுந்தாள். மாமா துணியை வாங்கி வெட்டினார்.

சாவுக்குப் பேராசிரியர் வரவில்லை. பழக்கடை அம்மாவும் வரவில்லை. இன்று காலை டிரைவர்தான் வந்து, தயங்கித் தயங்கி, கோட்டு தயாரா என்று கேட்டார்.

கோட்டு மெஷினில்தான் இருக்கிறது. இரண்டு கைகளும் பொருத்தியாகிவிட்டன. காலர் வைக்கவில்லை.