அவருக்குப் பதிலாக நான் பேசியது

மைக் கைக்கு வந்தால் எனக்கு விடத் தெரியாது. வீட்டோடு இருந்த இந்த வியாதி, மெல்பேர்னை ஒட்டிய வெரிபீயில் ஒரு ஞாயிறு மாலை ஒரு சந்தால் பழங்குடிப் பெண்ணின் தலையில் விடிந்தது.

அவர் ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்தார். அவருடைய ஊரை ஒட்டிய சால மரத்தோப்பை வெட்டி நிலக்கரி தோண்டப் போகிறார்கள். அவர்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. சாமிகள் இருப்பது அந்தத் தோப்பில்தான். சுரங்கத்தில் பணம் போட்ட கம்பெனி மெல்பேர்னில் இருக்கிறது. மறுநாள் காலை அங்கே அதைப் பற்றிக் கூட்டம். என் காரில் வரும்போதே நிதானமான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்:

"உங்கள் ஆட்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். நாளைக்கு என்னோடு அந்த வாசலில் வந்து நில்லுங்கள். தனியாக நின்றால் பைத்தியம் என்பார்கள். கூட்டமாக நின்றால் ஜன்னலைத் திறந்தாவது பார்ப்பார்கள்."

கவலையே வேண்டாம் என்றேன். அன்றைய சங்க விழாவில் அவருக்கான அறிமுகவுரை என்னுடையது.

எங்கள் சங்கத்துக்கு விழா நடத்த ஒரே முறைதான் தெரியும். குத்துவிளக்கு, இறந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்பு நடனம், தலைவர் உரை. ஆடிய குழந்தைகளைப் பெற்றோர் படமெடுத்து முடிக்கும்வரை அடுத்தது நகராது. பிறகு நான். குரலற்றவர்களின் வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். படித்ததையெல்லாம் எங்காவது இறக்கி வைக்க வேண்டாமா? காலனியம், காடு, இந்த நாட்டின் ஆதிக்குடிகள் என்று ஒரு சுற்று வந்தேன். கைதட்டினார்கள். அதனால் இன்னொரு சுற்று வந்தேன்.

கடைசியில் அவர் வந்தார். தோப்பில் நடக்கும் பூத்திருவிழாவைப் பற்றித் தொடங்கினார். சாமிக்குப் படைக்கும்வரை அங்கே புதுப்பூவை யாரும் தலையில் வைப்பதில்லையாம். பேச்சு அந்த இடத்துக்கு வந்தபோது எங்கள் செயலாளர் பொன்னாடையோடு மேடையேறினார்.

"கோவிக்காதேங்கோ அக்கா, ஹோல் பூட்டப் போறாங்கள்," என்று அவருக்குத் தெரியாத மொழியில் சொல்லிக்கொண்டே போர்த்திவிட்டார். படம் எடுத்தார்கள்.

"நாளைக்குக் காலையில..." என்று நான் மைக்கைத் தேடினேன். கழற்றிச் சுருட்டியாகிவிட்டது. கத்திப் பார்த்தேன். எல்லோரும் கொத்து ரொட்டி வரிசையில் இருந்தார்கள். வாழ்நாளில் எனக்கு மைக் உண்மையிலேயே தேவைப்பட்டது அப்போதுதான்.

மறுநாள் அந்த வாசலில் நாங்கள் இருவர். குளிருக்கு அவர் அந்தப் பொன்னாடையையே போர்த்தியிருந்தார். காவலாளி, பளிங்குத் தரையை விட்டு இறங்கி நடைபாதையில் நிற்கும்படி மரியாதையாகச் சொன்னான். இறங்கினோம். அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கட்டடத்து ஜன்னல்கள் திறக்கிற வகையே இல்லை. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு, காப்பியும் கையுமாக உள்ளே போனார்கள்.

"நீங்கள் ஏதாவது பேசுங்களேன்," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் காவலாளியிடம் மணி என்ன என்று கேட்டேன்.

அன்று மாலை செயலாளர் போனில் வந்தார்.

"அண்ணை, உங்கட ஸ்பீச் திறம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். அந்த அக்கா என்னத்துக்கு வந்தவ எண்டுதான் ஒருத்தருக்கும் விளங்கேல்லை."