நான்கு டயர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

மெர்சிங் ஊரைத் தாண்டி, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் ஒரு கடற்கரை இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் என் பழைய ஃபோர்வீல் வண்டியின் டயர்களில் பாதிக் காற்றைத் திறந்துவிட வேண்டும். காற்று குறைந்த டயர் மணலில் அகலமாகப் படியும், புதையாது. முப்பத்திரண்டு பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருப்பதைப் பதினெட்டுக்கு இறக்குவேன். வால்வு ஸ்ஸ் என்று சீறும்போது எனக்குள்ளும் ஏதோ இறங்கும். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு விடுமுறையின் முதல் ஒலி அதுதான்.

இறக்குவது சுலபம். தார்ச்சாலைக்குத் திரும்பும்போது மறுபடி ஏற்றுவதில்தான் வினை.

என் மனைவிக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரத்தில் ஆறு நாள், விடியுமுன்பே உலு திராம் வீட்டிலிருந்து கிளம்பி எல்லைப் பாலம் கடக்கிறாள். நிமிடங்களை எண்ணி வாழும் பிழைப்பு. ஒரு வரிசையைக் கண்ணால் அளந்தே, நகர எத்தனை நிமிடமாகும் என்று சொல்லிவிடுவாள். அவளுக்கென்று மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான்.

அப்படி ஒரு ஞாயிறு மாலை, தளர்ந்த டயர்களோடு மெல்ல உருட்டிக்கொண்டு சாலையோரப் பெட்ரோல் நிலையத்துக்கு வந்தோம். காற்றுப் பம்பின் மேல் 'ரோசாக்' என்று எழுதி ஒட்டியிருந்தது. பழுது. அங்கே கடல் முழுக்கக் காற்று. இங்கே நான்கு டயருக்கு இல்லை.

பரவாயில்லை, என்னிடம் சொந்தமாக ஒரு கம்ப்ரசர் இருந்தது. சோப்புப் பெட்டி மாதிரி குட்டியானது. அட்டையில் நூற்றைம்பது பிஎஸ்ஐ என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்து மயங்கி இணையத்தில் வாங்கியது. சிகரெட் லைட்டர் துளையில் சொருகினேன். ஒரு டயர் நிரம்புவதற்குள் தொட முடியாதபடி கொதித்தது. கால் மணி ஓட்டம், கால் மணி ஓய்வு என்று உள்தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அப்போதுதான் படித்தேன். நான்காவது டயர் நிமிர்வதற்குள் ஒன்றேமுக்கால் மணி நேரம் போய்விட்டது.

"உங்க மிஷினுக்குக் கால் மணிக்கு ஒரு ரெஸ்ட்டு. எனக்கு வாரத்துக்கு ஒண்ணு. அதையும் அதுவே எடுத்துக்கிச்சி லா," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வீட்டில் இறங்கும்போது, "இனிமே நீங்க மட்டும் போய்ட்டு வாங்க," என்றாள்.

தனியாகப் போவதை நினைத்துப் பார்த்தேன். மணல் இருந்தது, அலை இருந்தது, பக்கத்து இருக்கை மட்டும் காலி.

அடுத்து வந்த பொது விடுமுறையன்று, நீயே பார்த்து வாங்கு என்று கெஞ்சி அவளைத் தெப்ராவில் ஒரு வண்டிச் சாமான் கடைக்கு அழைத்துப் போனேன். மேசையில் மூன்று கம்ப்ரசர்கள். என் கை நேராக ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பாக இருந்ததை நோக்கிப் போனது.

"நல்ல சாமான்ண்ணே. நூத்தி அறுவது பிஎஸ்ஐ," என்றார் கடைக்காரர். எங்களைவிட இளையவர்.

"தம்பி, இவருக்கு அட்டையில பெரிசா நம்பர் போட்டிருந்தா போதும், கண்ண மூடிக்கிட்டு வாங்கிடுவாரு," என்றாள் மனைவி. "நீங்க நேரத்த சொல்லுங்க. பதினெட்டுலருந்து முப்பத்திரண்டு. எத்தன நிமிஷம்?"

"அது டயரப் பொறுத்துக்கா."

"டயர் வெளியதான நிக்குது? வாங்க போலாம்."

கொதிக்கும் தாரில் மண்டியிட்டு, ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் ஒரு முறை, அதே டயரின் காற்றை இறக்கினேன். அவள் கைப்பையை முன்பக்கம் இழுத்து, ஒற்றைக் காலில் பாரம் போட்டு, எல்லையில் குடிநுழைவுச் சோதனை வரிசையில் நிற்பது போலவே நின்று கைப்பேசியில் நேரம் பார்த்தாள்.

ஆரஞ்சுக்காரன் முனகிக்கொண்டே எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டான்.

"அலமாக்! நாலு டயருக்கு அர மணிக்கு மேல. வேணாம்."

இரண்டாவது ஐந்து நிமிடம். மூன்றாவது, பார்க்கவே பிடிக்காத கறுப்பு இரும்பு. தூக்கினால் தோள் வலித்தது. பானெட்டைத் திறந்து நேராக பேட்டரியில் அதன் கவ்விகளை மாட்ட வேண்டும், எஞ்சினும் ஓட வேண்டும். முடுக்கியதும் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டே நிமிடம்.

"நம்ம டயருக்கு நாப்பது பிஎஸ்ஐகூட வேணாம்ண்ணே. நிமிஷத்துக்கு எத்தன லிட்டர் காத்து தள்ளுதுன்னுதான் பாக்கணும்," என்றார் கடைக்காரர், எல்லாம் முடிந்த பிறகு.

"ரொம்பச் சத்தமா இருக்கே," என்றேன்.

"ரெண்டு நிமிஷச் சத்தம்தான?" என்றாள்.

வந்த ஞாயிறு, நான் கூப்பிடுவதற்கு முன்பே அவள் காப்பிக் குடுவையோடு முன்னிருக்கையில் இருந்தாள். வண்டியை எடுத்தேன்.

மாலையில், மணல் முடியும் இடத்தில் அந்தக் கறுப்புக் கம்ப்ரசரின் கவ்விகளை மாட்டினேன். குழாய் பின் டயர் வரை தாராளமாக எட்டியது. முதல் டயர் நிரம்பியதும் கைப்பேசியைப் பார்த்தாள்.

"இன்னும் ஆறு நிமிஷம். அஞ்சரைக்கெல்லாம் ரோட்டுல இருப்போம்."

சொல்லிவிட்டுக் கைப்பேசியை டாஷ்போர்டில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நடந்தாள்.

"எங்க போற? மூணு டயர் பாக்கி இருக்கு!"

"ஆறு நிமிஷ வேலைதான, அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்க."

நிறுத்தினேன். எஞ்சினும் அடங்கியது. சவுக்கின் இரைச்சல் மெல்லக் காதுக்குத் திரும்பி வந்தது. நானும் செருப்பைக் கழற்றினேன். பின்னால் வண்டி, ஒரு டயர் விறைத்தும் மூன்று டயர்கள் தளர்ந்தும், லேசாகச் சாய்ந்து நின்றது.