அனுப்பிரியா தேர்ந்தெடுக்காத புத்தகம்

சிவகாசியில் புத்தகத்தைப் படிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. சீனிவாசகம் அந்த ரகம். தாளை விரலிடுக்கில் தேய்ப்பார், முதுகை வளைத்துப் பார்ப்பார், நாலு வண்ணமும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணருகே கொண்டுபோவார். இதிலெல்லாம் தேறினால் அது நல்ல புத்தகம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த வீட்டு விவகாரம். மிஷின் துடைக்கிற வேலையில் ஆரம்பித்து சொந்த ஆப்செட் பிரஸ் வரைக்கும் வந்த மனுஷனிடம் அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டது அவருடைய மருமகள் அனுப்பிரியா. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண், பி.காம். படித்தவள், கல்யாணமாகிப் பதினொரு வருஷம். ஒரே மகள் சொர்ணலட்சுமிக்கு வயது ஒன்பது. வீட்டுக்குள் அந்தப் பிள்ளைக்கு வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. மூன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர், வாயைத் திறந்து பதில் சொல்லும்வரை உட்காரக் கூடாது என்று நிறுத்தி வைத்தார். பிள்ளை மத்தியானம்வரை நின்றது. நின்ற இடத்திலேயே சீருடையை நனைத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து அனுப்பிரியா அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே படிப்பு என்று சொல்லிவிட்டாள்.

சீனிவாசகம் குதித்தார். கடைசியில் ஒரு கெடு வைத்தார்.

"ஒரு வருசம் உன் இஷ்டம். மே மாசம் டவுன் பள்ளிக்கூடத்துல அஞ்சாங் கிளாசுக்குப் பரீட்சை வைப்பாக. தேறிட்டாள்னா இங்கனயே இருக்கட்டும். இல்லேன்னா கொடைக்கானல் ஹாஸ்டல்தான். எடம் சொல்லி வச்சாச்சு."

கணவன் ராம்குமார் அப்பாவுக்கும் தலையாட்டினான், மனைவிக்கும் தலையாட்டினான். பிறகு மிஷினைப் பார்க்கப் போய்விட்டான். இந்த மாதிரி நேரங்களில் அவனுக்கு மிஷின்மேல் தனிப் பாசம் வந்துவிடும்.

தெரியாதவர்கள் முன்னால் தலைவலிக்கிறது என்றுகூடச் சொல்லாத பிள்ளை ஹாஸ்டலில் என்ன ஆகும் என்பதுதான் அனுப்பிரியாவின் கவலை.

கணக்கும் அறிவியலும் பயமில்லை. இங்கிலீஷ் இலக்கணம்தான் இடித்தது. அதற்கு எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது என்று இரண்டு மாதம் அலசினாள். ஒன்று முழுக்க விதிகள். இன்னொன்று முழுக்கப் படங்கள். மூன்றாவது அவளுக்குப் பிடித்தது. பிள்ளை தானாக நாலு வாக்கியம் எழுத வேண்டும், அதிலிருந்தே இலக்கணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். அதை வாங்கப்போகிறேன் என்று மாமனாரிடம் சொன்னாள்.

"நம்ம பிரஸ்ல வருசா வருசம் கிராமர் புஸ்தகம் அடிச்சு லோடு லோடா அனுப்புதோம். நம்ம வீட்டுப் பிள்ள வெளியூர்க்காரன் புஸ்தகத்துல படிச்சா நல்லாவா இருக்கு? ஆர்டர் குடுக்கிற பார்ட்டி கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

"அது எல்லாம் கோடிட்ட இடத்த நிரப்புறதுதான் மாமா..."

"எம்புட்டுப் பக்கம் இருக்கு தெரியுமா? தாளப் பாத்தியா? தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். வேறு என்ன செய்ய? ஒரு வருஷம் வாங்கியதே பெரிய காரியம், புத்தகத்துக்கும் சண்டை போட்டால் அந்த வருஷமும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். பைண்டிங் பிரிவில் மிச்சத் தாள்களைச் சேர்த்துத் தைத்து, பேத்திக்கென்று ஒரு பிரதி வந்து சேர்ந்தது.

காலையில் அனுப்பிரியா கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுப்பாள், கிராமர் புத்தகத்தைச் சொர்ணா தானாகவே எழுதுவாள். சாயங்காலம் சொர்ணா எழுதியதை சீனிவாசகம் திருத்துவார். விடைப் பக்கத்தை அருகில் வைத்து, ஒரு விரல் இதிலும் ஒரு விரல் அதிலுமாக நகர்த்தி, சிவப்பு டிக் போடுவார். டிக் மேல் டிக். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, பழைய பாடங்களைத் திருப்புவதற்காக அனுப்பிரியா அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினாள். நடுவில் பதினாறு பக்கம் ஒரே மசங்கலாக இருந்தது. பிரஸ்ஸில் மிஷினை ஓட்டத் தொடங்கும்போது மையும் அச்சும் சரியாக விழும்வரை கழிவுத் தாளையே திரும்பத் திரும்ப உள்ளே விடுவார்கள். ஒரே தாளில் மூன்று நாலு பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். அப்படி ஒரு தாள் தவறி இதில் சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது. பக்கத்தின் மேலே கொட்டையெழுத்தில் இருந்த இரண்டு சொல்லைத் தவிர ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. ஆனால் பதினாறு பக்கத்திலும் சொர்ணா விடை எழுதியிருந்தாள். எல்லாவற்றுக்கும் சிவப்பு டிக். அச்சுப் பிசகுக்கு மிஷினையே நிறுத்துகிற மனுஷன், விடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அனுப்பிரியா சொர்ணாவைக் கூப்பிட்டாள்.

"எப்படிடி எழுதுன இத?"

"எப்பவும் மேல போட்டிருக்கிற ரெண்டு வார்த்தயும் மாறி மாறித்தாம்மா வரும். படிக்கவே வேண்டாம்."

ஒரு வருஷம். முந்நூறு பக்கம். பிள்ளை ஒரு வாக்கியம்கூடப் படிக்கவில்லை, ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக எழுதவில்லை. மாமனாரின் டிக்கை நம்பித் தானும் பார்க்காமல் விட்டோமே என்று அனுப்பிரியா தன்னையே திட்டிக்கொண்டாள். அன்றைக்கே அந்தப் புத்தகத்தை பீரோவில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து வேறு கதை. பார்த்தது, தின்றது, பிடிக்காதது எதுவானாலும் சரி, சொர்ணா தினமும் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். முதல் நாள் அழுதாள். மூன்றாம் நாள் பென்சிலைத் தூக்கி எறிந்தாள். ஆறாம் நாள், மத்தியானம் சாப்பிட வந்த சீனிவாசகம் மேஜையில் புத்தகம் இல்லாததைப் பார்த்துவிட்டார்.

"புஸ்தகம் எங்க?"

"பீரோல இருக்கு மாமா."

"நம்ம புஸ்தகம் அம்புட்டு எளக்காரமாப் போச்சோ?"

பீரோவைத் திறந்து அந்தப் பதினாறு பக்கத்தையும் அவர் முன்னால் விரித்திருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. அதில் கிடப்பது அவருடைய டிக் அல்லவா? சமையல்காரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. "பரீட்ச முடியிற வரைக்கும் என் போக்குல விட்டிருங்க மாமா" என்றாள்.

"விட்டுட்டேன். தேறலேன்னா ஒரு வார்த்த பேசக் கூடாது, ஆமா." சாப்பிடாமலே எழுந்து போனார்.

பரீட்சை முடிந்த நாலாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ராம்குமாருக்கு வழக்கம்போல மிஷினில் வேலை. மாமனாரும் மருமகளும் பிள்ளையும் தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்தார்கள். சொர்ணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பதுக்கு இருபத்திரெண்டு. இருபத்தஞ்சு இருந்தாத்தான் அஞ்சாம் வகுப்பு" என்றார் தலைமையாசிரியை.

சீனிவாசகம் சட்டையை இழுத்துவிட்டு எழப் பார்த்தார்.

"உக்காருங்க ஐயா. கிராமர்லதான் மார்க் போச்சு. ஆனா இத நீங்க படிச்சுப் பாக்கணும். குடும்பத்தப் பத்தி எழுதச் சொன்னோம்." ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

சீனிவாசகம் தாளை வாங்கினார். தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் கொண்டுவந்தார். "கண்ணாடி கொண்டாரல. நீ படிம்மா" என்று மருமகளிடம் நீட்டினார்.

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

அனுப்பிரியா வாசித்தாள். இரண்டு வரிக்கு மேல் போக முடியவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? தமிழ்ல சொல்லு."

வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. சொர்ணா தலையை நிமிர்த்தி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் அந்தப் பிள்ளை சொந்தமாக எழுதிய முதல் முழுப் பக்கம் அது. அதை மாற்றிச் சொல்ல அனுப்பிரியாவுக்கு மனம் வரவில்லை.

"தாத்தா நாப்பது வருசமா இங்கிலீஷ் புஸ்தகம் அடிக்கிறாக. தாத்தாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்தோட உருவத்தப் பாத்து டிக் போடுவாக. எனக்கு மட்டும் தெரியும். எனக்கு வெளிய பேச வராது." கடைசி வரிக்கு வந்தாள். "தாத்தாவ யாரும் ஹாஸ்டலுக்கு அனுப்பல."

சீனிவாசகத்தின் முகம் கறுத்தது. இப்போது எழுந்து போகப் போகிறார், வாசலிலேயே கொடைக்கானலுக்குப் போன் போடப் போகிறார் என்று அனுப்பிரியா நினைத்தாள். அவள் கை தானாக மகளின் கையைப் பிடித்துக்கொண்டது.

"நாலாம் வகுப்புல எடம் இருக்கு" என்றார் தலைமையாசிரியை மெதுவாக. "ஒரு வருசம் பின்னால போகும். உங்க இஷ்டம்."

சீனிவாசகம் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலாங் கிளாஸ்லயே போடுங்க டீச்சர்" என்றார் சீனிவாசகம்.

விண்ணப்பத் தாள் வந்தது. முழுக்க இங்கிலீஷ். அவர் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் மருமகள் இருந்தாள், எதிரே தலைமையாசிரியை இருந்தார். இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பேத்தி பக்கம் திரும்பினார்.

"தாயி, தாத்தா எங்கன கையெழுத்துப் போடணும்?"

சொர்ணா நாற்காலியை விட்டு இறங்கி வந்து, தாளில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள். அவர் அங்கே கையெழுத்துப் போட்டார்.