செல்லுக்குத் தீனி, பிள்ளைக்குப் பால்

செல் வளர்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தட்டில் வளரும் நரம்பு செல்லுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தில் பாதியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். இதற்கு எங்கள் பாஷையில் தீனி போடுவது என்று பெயர். தவறினால், மாதக் கணக்கில் பட்ட பாடு செத்து மிதக்கும்.

வீட்டில் ஒன்று, ஆய்வகத்து இன்குபேட்டரில் ஒன்று என்று வளர்க்கும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில் கர்ப்பமானேன். நிரந்தரப் பதவி ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் ஆராய்ச்சிக்கே முழுக்கு. அந்தப் பயத்தோடு ஓட்டிய நாட்களில் நடந்தவை இவை. பாப்பா தூங்கும்போது எழுதுகிறேன். எங்காவது தொடர்பு அறுந்தால் எழுந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிதக்காத செல்கள்

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே வலி வந்துவிட்டது. சோதனை பாதியில் நிற்கிறது. பிரசவ வார்டில் நான் அழுததைப் பார்த்து என் கணவர் நர்ஸைக் கூப்பிட ஓடினார். வலிக்காக இல்லை, செல்லுக்காக அழுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்து மேஜைக்காரி ஷோபா. அதே பதவிக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள். என் செல் செத்தால் அவளுக்கு லாபம்தான். விடுப்பு முடிந்து, கடவுளே என்று போய்ப் பார்த்தால், ஒரு தட்டுகூட வீணாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஜோகுபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து தீனி போட்டு, செல் முழுசாக வளர்ந்ததும் மைக்ராஸ்கோப்பில் படமும் எடுத்து வைத்திருந்தாள். இதை வைத்து எழுதப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயரே முதலில் வரட்டும் என்றேன். கன்னடக்காரி, ஆனால் தமிழில் திட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

"சும்மா இரு ஸ்டெல்லா. சோறு போட்டவ அம்மா ஆயிடுவாளா? ஐடியா உன்னோடது, உன் பேருதான் முதல்ல. ரெண்டாவதா என் பேரை மறந்தேன்னு வை, கொன்னுடுவேன்."

செல்வம் காப்பாற்றிய சாம்பிள்

இந்தத் தப்பு எங்கள் கூட்டத்துக்கு மட்டுமே வரும். பாப்பாவுக்காகப் பீய்ச்சிய பாலை, சுத்தமாக இருக்கட்டும் என்று புது சாம்பிள் குழாயில் ஊற்றினேன். கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் இனிஷியல், தேதி, 'தூக்கி எறியாதீர்கள்' எல்லாம் எழுதி, டீ போடும் அறை ஃபிரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் குழாயைக் காணோம்.

கூடத்து உதவியாளர் செல்வம் அண்ணன் தினமும் அத்திபெலேயிலிருந்து பஸ் பிடித்து வருபவர். விதிமுறை என்றால் உயிர். சோற்று ஃபிரிட்ஜில் சாம்பிள் வைக்கக் கூடாது என்பது விதி. குழாயை நேராக மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியில் சேர்த்துவிட்டார். பால் கல்லாகிவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"யாரோ விவரம் கெட்டவங்க உங்க சாம்பிளைத் தயிர் டப்பா பக்கத்துல வெச்சுட்டாங்க மேடம். நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு."

ஆறு மணி மீட்டிங்

எங்கள் கூடத்து வாரக் கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். பாப்பாவை விடும் கிரீச்சை மூடுவதும் ஆறு மணிக்குத்தான். கூடத்துத் தலைவரான எங்கள் சார் கெட்டவர் இல்லை. ஆறு மணிக்கு வீட்டில் யாருக்காவது தான் தேவைப்படலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். நான் சொல்வேனா? கான்வென்ட்டில் படித்தவள், பெரியவர்கள் பேசினால் எழுந்து நின்று "யெஸ்" மட்டும் சொல்லப் பழகியவள். இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை. 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று பேச்சு வந்தது.

மூன்றாவது வாரம் கணவர் விடுப்பு போட்டுப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள, நானும் கூட்டத்துக்குப் போனேன். ஷோபா எழுந்தாள். "காலைல பத்துக்கு வெச்சுக்கலாம் சார். எனக்கு ஆறு மணிக்கு ஜிம்." ஜிம்மாவது மண்ணாவது! மாடிப்படி ஏறவே சலித்துக்கொள்பவள். என் பெயரை இழுக்காமல் என் வேலையை முடித்துக் கொடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சார் யோசிப்பதற்குள், மூலையில் எப்போதும் வாய் திறக்காத பிரகாஷ் கையைத் தூக்கினார்.

"பத்து மணின்னா எனக்கும் சௌகரியம் சார். பல் டாக்டர்னு சொல்லிட்டுப் போறேனே, அதெல்லாம் என் பொண்ணை டேகேர்லேருந்து கூட்டிட்டு வரத்தான்."

அடுத்த வாரத்திலிருந்து கூட்டம் காலை பத்துக்கு.

நேர்முகத் தேர்வு

பதவிக்கு ஷோபா, பிரகாஷ், நான் மூவரும் போட்டி. முதலில் போன ஷோபா வெளியே வந்ததும், என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். "டென்ஷன் பேடா, வேண்டாம். எப்போ கல்யாணம்னு என்னைக் கேட்டாங்க. உன்னைக் குழந்தையை யாரு பார்ப்பாங்கன்னு கேட்பாங்க. பதிலை இப்பவே யோசிச்சுக்கோ." போட்டிக்காரி கேள்வியைச் சொல்லித்தருவதை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அதேதான் கேட்டார்கள். வழக்கம்போல எழுந்து நின்றுவிட்டேன். "அவளோட அப்பா பார்த்துப்பார் சார். என் செல் என்ன ஆச்சுன்னு நீங்க இன்னும் கேட்கலையே." தேர்வுக் குழுவில் ஒருவர் சிரித்தார். பிறகு அரைமணி நேரம் செல்லைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். ஷோபா எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

கடைசியாகப் போய்வந்த பிரகாஷிடம் நடந்ததைச் சொன்னோம். திருதிருவென விழித்தார்.

"என்னை ஒருத்தரும் கேட்கலையே! எனக்கு ரெண்டு இருக்குங்க!"

முடிவு வந்த நாள்

பதவி எனக்குக் கிடைத்தது. அந்தக் கட்டுரைதான் காரணம் என்று சார் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய நான், ஷோபா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்துபோய், குளிர் அறைக்குள் போய்ப் பெட்டிகளை அடுக்குவதுபோல நின்றேன். அவள் ஸ்வெட்டர்கூட இல்லாமல் உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள், உடனே தள்ளியும் விட்டாள்.

"சந்தோஷமாவும் இருக்கு, கடுப்பாவும் இருக்கு. ரெண்டும் நிஜம். அடுத்த போஸ்ட் என்னோடது. அது வர்ற வரைக்கும் ஞாயித்துக்கிழமை என் செல்லுக்கு நீதான் தீனி போடணும்."

அதனால் இப்போது ஞாயிறுதோறும் கணவர் கையில் பால் புட்டியும் என் கையில் தீனி போடும் பிப்பெட்டுமாக வேலை நடக்கிறது. பாலுக்கு லேபிள் எழுதும் உரிமை மட்டும் வீட்டில் எனக்குக் கிடையாது.