மஞ்சள் கயிறு கட்டிய செடி

மஞ்சளோடு சேர்த்து அரைத்த பச்சிலையின் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் முதலில் தும்மல் வரும், பின்னாலேயே கோபம் வரும். யார் மேல் என்று கேட்டால், என் மேல்தான். அந்த வாடையோடு வளர்ந்தவன் என் தம்பி சின்னு. கைக்குழந்தையிலிருந்தே முழங்கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் "கரப்பான்" வந்து, சொறிந்து சொறிந்து நீர் வடிய அழுவான். ஆஸ்பத்திரிக் களிம்பு தடவினால் நாலு நாள் அடங்கும், ஐந்தாம் நாள் திரும்ப வந்து நிற்கும். செல்வி அத்தை கொண்டுவரும் இலையை அரைத்துப் போட்டால்தான் பிள்ளை அசந்து தூங்குவான்.

செல்வி அத்தை அப்பாவின் தங்கை. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை. தங்கவயலில் வளர்ந்த வாய், யாருக்கும் அடங்காது. தொண்ணூறுகளின் நடுவில், ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தோப்பு இருந்தது. ஆலும் புங்கனும் நாவலும், அவற்றின் அடியில் பேர் தெரியாத செடிகொடிகளும், நடுவே கூரையில்லாமல் நிற்கும் முனீஸ்வரன் கல்லும். கன்னடக்காரர்கள் "குண்டுதோப்பு" என்பார்கள், நாங்கள் "முனி தோப்பு" என்போம், ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்: செருப்போடு போகக்கூடாது, இரும்பு உள்ளே வரக்கூடாது, உதிர்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்கக்கூடாது. மண்ணெண்ணெய்க்காக ரேஷன் கடை வரிசையில் குடுமிப்பிடிச் சண்டை போட்ட பெண்கள்கூட அங்கே காய்ந்து கிடந்த விறகை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் ஒளிவுமறைவாக. முந்தின நாள் சாயங்காலம் செடிக்கு மஞ்சள் கயிற்றால் "காப்பு" கட்டி, நாளைக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வரவேண்டும். மறுநாள் விடியும்போது வாய் பேசாமல், நகம் படாமல், தேவையான இலையை மட்டும் பறிக்கவேண்டும். என்ன இலை, யாருக்கு என்று மூச்சு விடக்கூடாது. ஒருமுறை பேர் கேட்டுவிட்டேன்.

"வாய மூடுடி. பேரச் சொன்னா மருந்து கட்டாது. அப்புறம் உன் தம்பிதான் சொறிஞ்சிக்கினு கெடப்பான்" என்று அத்தை முறைத்தாள். எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பயம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் சாயங்காலம், சின்னுவுக்காக அத்தை காப்புக் கட்டிவிட்டு வெளியே வந்த சற்று நேரத்தில், கையில் ஃபைலோடு இரண்டு பேர் வந்தார்கள். எந்த ஆபீஸ் என்று நாங்கள் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. "இல்லிந்த ஏனாத்ரூ தகோத்தீரா?" என்றார் பெரியவர். இங்கிருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டதும், திருட்டுப் பட்டம் கட்ட வந்திருக்கிறார்கள் என்றுதான் தெருவே நினைத்தது.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் போனாள். "சாமி எடம் சார் இது. ஒரு குச்சி கூட தொடமாட்டோம். யார வேணா கேளுங்க!"

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் எழுதிக்கொண்டே சுற்றி வந்தவர், மஞ்சள் கயிற்றைப் பார்த்து நின்றார். பள்ளிச் சீருடையில் நின்ற என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கயிறு எதுக்கும்மா?" என்று தமிழிலேயே கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கண்ணை உருட்டினாள். சொல்லிவிட்டால் நாளைக்குச் சின்னுவுக்கு மருந்து கட்டாதே! "கொத்தில்லா சார்" என்றேன், தெரியாது என்று. அவர் தலையை ஆட்டிவிட்டு, நாங்கள் சொன்னதை எழுதிய தாளை நீட்டினார். முதல் கையெழுத்து அத்தையுடையது, நிமிர்ந்து நின்று போட்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் தோப்பை வெட்ட லாரிகளும் மெஷின் ரம்பங்களும் வந்தன. அத்தை வேலைக்குப் போகாமல் ஓடினாள். "அய்யோ சார், இது பூரா மருந்து சார், இந்தத் தெருப் பிள்ளைங்களே இதுலதான் பொழைச்சிருக்கு!" என்று கத்தினாள். அதே பெரியவர்தான் வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை, பாவம், அவருக்கே சங்கடமாக இருந்தது. "நீங்கதானேம்மா எதுவும் எடுக்கறதில்லன்னு எழுதிக் கொடுத்தீங்க? யாருக்கும் உபயோகம் இல்லன்னு மேல ரிப்போர்ட் போயிடுச்சு. இப்ப நான் என்ன பண்றது?" என்று அவள் கையெழுத்தை அவளிடமே காட்டினார்.

அத்தை தோப்பைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு செடியாகக் கை நீட்டி அதன் பேரைச் சொல்ல ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் யாரிடமும் வாய் திறக்காதவள், நடுத்தெருவில் நின்று, இது இன்னது, இது இன்ன நோய்க்கு என்று தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் நின்ற எனக்கே ஒரு பேர்கூடக் கேட்கவில்லை. ரம்பச் சத்தத்தில் அவள் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அத்தை மருந்தைப் பற்றிப் பேசவேயில்லை. நான் கேட்டபோதெல்லாம், "செடி எங்கடி இருக்குது, பேரை வெச்சிக்கினு நாக்க வழிக்கவா?" என்று எரிந்து விழுந்தாள். அவள் போய்ச் சேர்ந்தும் சில வருஷம் ஆகிறது. தோப்பு இருந்த இடத்தில் இப்போது சாலையும் அதன் ஓரத்தில் ஒரு கார் ஷோரூமும் இருக்கின்றன. முனீஸ்வரனை மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நகர்த்தி வைத்து, ஓடு பதித்துக் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சின்னு வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். டிசம்பர் குளிர் வந்தால் கரப்பானை மறைக்க முழுக்கைச் சட்டைதான். போன வாரம் அவன் மகளுக்கு ஒரு வயது முடிந்தது. கேக் வெட்டும்போது குழந்தையின் கவுன் கை மேலேறியது. முழங்கை மடிப்பில் அதே சிவப்பு, அதே நீர்.

"அக்கா, அத்தை அரைச்சுப் போடுமே, அந்த இலை பேரு என்னக்கா?" என்றான் சின்னு.

"தெரியாதுடா" என்றேன். குழந்தை சொறிந்துகொண்டே இருந்தது, நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டேன்.