பெயருக்கு முன்னால் வந்த இசை

கக்கூஸ் கடதாசி விற்கப் போய்த்தான் அந்த மனிதரை அறிந்தேன். சிரிக்காதீர்கள். நோர்வேயில் பிள்ளையைப் பள்ளிக்கூட ஊதுவாத்தியக் குழுவில் சேர்த்தவர்களுக்கு இது விளங்கும். பிள்ளை கொர்னெட் ஊதும். குழுவின் செலவுக்காகத் தாய் தகப்பன் கடதாசிச் சுருள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டவேண்டும். டுக்னாட் என்பார்கள், நம்முடைய சிரமதானம்தான். அப்போது நாங்கள் ஒஸ்லோவில், புருசெத்தில் அடுக்குமாடி ஒன்றின் உச்சியில் இருந்தோம். லிப்ட் பழுதாகிற நாளாகப் பார்த்து என் கணவருக்கு முதுகு பிடித்துவிடும். அன்றும் பிடித்தது. வந்த கோபத்தில் ஒவ்வொரு கதவையும் பொலிஸ்காரர் மாதிரித் தட்டிக்கொண்டு இறங்கினேன்.

நான்காம் மாடியில் கதவைத் திறந்தவர் ஒரு கிழவர். கழுத்தில் பட்டுத்துணி, காலில் தடித்த கம்பளிக் காலுறை. மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ரெண்டு மூட்டை தாங்கோ. தனி ஆளுக்குச் சாகுமட்டும் காணும்” என்றார்.

எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. அவர் ஆங்கிலேயர். நோர்வேஜியப் பெண்ணைக் கட்டி இங்கே வந்தவர், மனைவி இறந்து சில வருடங்கள், பிள்ளைகள் இல்லை. நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் பிழை விடக் கூச்சமில்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் தமிழிலேயே பதிந்து கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மேசை நிறைய இசைத்தாள்கள் கிடந்தன. “என்ன வேலை செய்தனீங்கள்?” என்று கேட்டேன். கடதாசி விற்க வந்தவளுக்கு ஏன் அந்த விடுப்பு விசாரிப்பு என்று கேட்கக்கூடாது, அது எங்கள் பிறவிக்குணம்.

மெல்லிசை எழுதினாராம். எங்கள் மெல்லிசை வேறு. இது பெரிய வாத்தியக்குழு வாசிப்பது, ஆனால் யாரும் கவனித்துக் கேட்கத் தேவையில்லாதது. தேநீர்க்கடையில், கப்பலில், வானொலியில் ஒரு நிகழ்ச்சிக்கும் மற்றதுக்கும் நடுவில் ஓடுவது. லண்டனில் ஒரு கம்பனி கேட்குமாம்: சந்தோசம், இரண்டு நிமிடம். கடற்கரை, ஒன்றரை நிமிடம். இவர் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிக் கொடுப்பார். அது இசைத்தட்டாகி உலகத்து வானொலி நிலையங்களுக்கெல்லாம் போகும். வேண்டியவர்கள் வேண்டிய துண்டை வெட்டிப் போடுவார்கள். எழுதியவர் பெயரை யாரும் சொல்வதில்லை. மா இடித்து விற்கிறவருக்கு அதில் யார் புட்டு அவித்தார், யார் இடியப்பம் பிழிந்தார் என்று எங்கே தெரியப்போகிறது? அந்தக் கதைதான்.

“கைதட்டு எனக்கு வேண்டாம். ஒருக்கா, ஒரேயொருக்கா, என்ரை இசைக்குச் சனம் கதையை நிப்பாட்டிப்போட்டுக் கேக்கவேணும். எண்பத்தைஞ்சு தாண்டியிட்டுது, இன்னும் நடக்கேல்லை” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

அந்தக் கதையை நான் பிள்ளைகளின் குழுவை நடத்துகிறவருக்குச் சொன்னேன். அவர் ஓடிப்போய்க் கிழவரைப் பிடித்தார். வசந்தகாலக் கச்சேரிக்குத் தன் பழைய துண்டு ஒன்றைப் பிள்ளைகளுக்கு ஏற்றமாதிரி எழுதித் தரச் சம்மதித்தார் கிழவர். ஞாயிறு பின்னேரம் குளத்தில் படகோடுகிற மாதிரி என்று நினைத்து எழுதியதாம். என் மகள் இரண்டாம் கொர்னெட். வீட்டில் ஒரு மாதம் “பம்... பம்...” என்று ஊதினாள். மெட்டெல்லாம் முதல் வரிசைக்காரரிடம் இருந்தது. உதென்ன பாட்டு, ஆடு கத்துகிறமாதிரி என்று நாங்கள் பகிடி பண்ணினோம்.

கச்சேரி பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில். தமிழ்ச்சனம் பின்னால் இரண்டு வரிசை. எங்களைத் தெரியும்தானே, வாயும் ஓயாது, பையும் ஓயாது. கடதாசியைச் சரசரத்துத் தின்ன ரோல்ஸ் எடுக்கிறார்கள், லோறென்ஸ்கூக்கில் யார் வீடு வாங்கினார் என்று கதைக்கிறார்கள். நோர்வேஜியத் தாய்மார் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் கழுத்துத்துணியோடு கிழவர். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “வாயை மூடுங்கோவனப்பா, அந்தாளின்ரை பாட்டு வரப்போகுது” என்று கெஞ்சினேன். யார் கேட்டார்?

கிளாரினெட் மெதுவாகத் தொடங்கியது. முதல் வரி முடியவில்லை, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த இசை எங்களுக்குத் தெரியும். ஊரில் எங்கள் இலங்கை வானொலியில் மரண அறிவித்தலுக்கு முன்னால் நாள்தோறும் போட்டது அதுதான். அது கேட்டால் அம்மா சட்டியில் அகப்பையை அப்படியே நிறுத்துவா. ஐயா கையை உயர்த்துவார், அழுகிற பிள்ளையும் அடங்கிவிடும். இசை நிற்கும், பெயர் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். சண்டைக் காலத்தில் அந்த இசைக்கும் பெயருக்கும் நடுவில் மூச்சு விடவே பயப்பட்டிருக்கிறோம்.

மண்டபத்தில் இரண்டு வரிசையும் கல்லாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் கடித்த ரோல்ஸை மடியில் வைத்தாள். பின்னால் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். என் கணவர் என் கையைப் பிடித்து, “ஆராம் செத்தது?” என்று கேட்டார். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார் மனுசன்.

பெயர் வரவேண்டிய இடம் வந்தது. அங்கே ட்ரம்பெட்டுகள் ஒரே துள்ளாகத் துள்ளிக் குதியாட்டம் போட்டன. அப்படியொரு சந்தோசமான பகுதி அதற்கு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முகத்தை எப்படி வைத்திருப்பது என்று தெரியாமல் இருந்தோம். அப்போதுதான் கிழவர் திரும்பி எங்களைப் பார்த்தார்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உங்கடை சனம் கேட்டுது. ஒரு தும்மல்கூட இல்லை” என்றார். கண் நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது கணவர் சொன்னார்: “நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. மனுசன் சந்தோசமாப் போய்ச் சேரட்டும்.”

இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கிழவரோ குப்பை போட வருகிறவர்களை மறித்து வைத்து அந்த அமைதியைப் பற்றிச் சொன்னார். பிறகு ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டே, “உங்கடை ஆக்கள் அதிலை என்னத்தைக் கண்டவை?” என்று கேட்டார். உண்மையாகவே தெரிய ஆசைப்பட்ட முகம். அந்த முகத்துக்குப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். பாவி, ஒரு கிழவரின் கடைசிச் சந்தோசத்தில் மண் போட்டுவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

“வானொலியிலை எந்த இடத்திலை வெட்டினவை?” என்றார்.

மெட்டை அந்த இடம்வரை முணுமுணுத்துக் காட்டினேன்.

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம். ஒவ்வொரு நாளும்.”

“எல்லா வீட்டிலையும் கதையை நிப்பாட்டினவையோ?”

“சமையலையும் நிப்பாட்டினவை.”

கோப்பையை வைத்துவிட்டுப் பெரிய சத்தமாகச் சிரித்தார், பிறகு கழுத்துத்துணியால் கண்ணைத் துடைத்தார். “அப்ப நான் போகேக்கை எனக்கும் அந்த இடத்திலை வெட்டுங்கோ” என்றார். “விசர்க்கதை கதையாதேங்கோ, தேத்தண்ணி ஆறுது” என்று ஏசினேன்.

அடுத்த பனிக்காலத்தில் அவர் போய்விட்டார். நான் விற்ற கடதாசியில் ஒரு மூட்டை உடைக்காமல் அவருடைய அலுமாரியில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் அழுகை வந்தது.

இறுதிச்சடங்கு நடந்த சிற்றாலயத்தில் வலப்பக்கம் மனைவியின் உறவில் ஒரு மூதாட்டியும் ஒரு நண்பரும். இடப்பக்கம் இரண்டு வரிசை நிறைய நாங்கள். கடதாசிச் சரசரப்பு இல்லை. மகள் இந்தமுறை மெட்டை ஊதினாள். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள்.

யாரும் மூச்சு விடவில்லை. பாதிரியார் தாளைப் பார்த்து அவருடைய முழுப்பெயரையும் வாசித்தார். அந்த இசைக்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் பேருடைய பெயர் கேட்டிருக்கிறேன். அதை எழுதியவருடைய பெயர் அன்றைக்குத்தான் வந்தது.

மிச்சத்தை என் கணவர் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது: “இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், ஒஸ்லோ புருசெத்தை வசிப்பிடமாகவும் கொண்ட... இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

ஏற்றுக்கொண்டு எழுந்து நின்றோம், இரண்டு வரிசையும்.