மீன் தொட்டியில் மாட்டிய சேலைன் குழாய்

சுனாமிக்குப் பிறகு சண்டை மறுபடியும் மூண்டிருந்த காலம். கல்லடியில், அக்கா வீட்டில் இருந்த என் மீன் தொட்டியின் மோட்டர் தண்ணீரைச் சீறியடித்து, குஞ்சு மீன்களைக் கண்ணாடியில் மோதவைத்துக் கொன்றது. பழைய சேலைன் குழாயொன்றை அதில் மாட்டி, சொட்டைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் திருகினேன். வேகம் அடங்கியது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை ஆமியின் சுற்றிவளைப்பு. அக்கா சந்தைக்குப் போயிருந்தாள்; வீட்டில் அத்தானும் நானும்தான். துவக்குகளோடு வந்தவர்கள் குழாயைக் கண்டதும், காயப்பட்டவன் எவனையோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்றே முடிவெடுத்துவிட்டார்கள்.

“யார்ட இது?”

“அத்தான்ட,” என்றேன்.

துவக்குப்பிடி அத்தானின் தாடையில் இறங்கியது. “மீனுக்குத்தான் சேர்,” என்றார். பகிடி விடுகிறாரென்று இன்னும் அடித்தார்கள். இரத்தம் தொட்டிக் கண்ணாடியில் தெறித்து வழிந்தது. என்னைக் கைகாட்டியிருந்தால் தப்பியிருப்பார். ஒருதரம் என்னைப் பார்த்தார்.

“ஓம், என்டதான்.”

அடித்துக் களைத்த பிறகுதான் விட்டுவிட்டுப் போனார்கள். அக்கா ஓடிவந்து கத்தினாள். “ஆர் உங்களக் காட்டிக் குடுத்தது?”

“ஆரோ ஒரு விசரன். விடு.”

அந்த விசரனை அக்கா இன்றைக்கும் சோறு போடும்போது சபிப்பாள். அவள் போட்ட சோற்றைப் பிசைந்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அத்தான் மிஞ்சிய பற்களால் மென்றபடி, “அவனுக்கு இன்னும் கொஞ்சம் கறி வை,” என்பார்.